ஒரு கிலோ மவுஸ்

மனித நாகரிகத்தின் முதல் கண்டுபிடிப்பு நெருப்பும் அல்ல, சக்கரமும் அல்ல, எடைக்கல்தான் என்பது எடையளவுத் துறையின் அசைக்க முடியாத நம்பிக்கை. தலைமை அலுவலக வாசலில் தொங்கும் பலகையில் அதைப் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருந்தார்கள். இரண்டு சங்கிலிகளில் தொங்கிய அந்தப் பலகை இடது பக்கம் ஒரு சாண் சரிந்திருந்தது. சங்கிலிகளை அளந்து வெட்டியது துறையேதான் என்பதால், சரிந்திருப்பது கட்டடம் என்று முடிவாகியிருந்தது.

அந்தக் கட்டடத்தின் பின்கட்டில் பறிமுதல் எடைக்கற்கள் அறை என்று ஒன்று உண்டு. கடைகளில் கள்ள எடை என்று பிடிபட்ட கற்களை அங்கே அடுக்கி வைப்பார்கள். அவை எங்கும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளர் இருந்தார். எடைக்கற்களுக்கு எழுந்து ஓடும் சுபாவம் குறைவு. ஆகவே அவருக்கு நேரம் நிறைய இருந்தது. மேசையில் ஒரு கணினியும் இருந்தது. இரண்டும் சேர்ந்ததில், இடிந்துபோன நகரமொன்றில் ஒருவரையொருவர் தேடிச் சுடும் ஆட்டத்தில் அவர் கெட்டிக்காரராகிவிட்டார்.

ஆட்டத்துக்குள் நுழைய ஒரு பட்டப்பெயர் வேண்டும். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் ‘குண்டுமணி’ என்று வைத்துக் கொடுத்தாள். ஆளும் குள்ளமாக, உருண்டையாக இருப்பார். அந்தக் காலத்தில் தங்கத்தை நிறுத்ததும் குண்டுமணியால்தான். உருவத்துக்கும் உத்தியோகத்துக்கும் ஒருசேரப் பொருந்திய பெயர் என்பதால் அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

ஒருநாள் மதியம் கண்காணிப்பாளர் அந்த அறைக்குள் வந்தார். குண்டுமணி அப்போது ஒரு மொட்டைமாடியில் துப்பாக்கியோடு படுத்திருந்தார்.

“ஒரு நிமிஷம் சார், ஒருத்தன் படியேறி வந்துக்கிட்டிருக்கான்” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

கண்காணிப்பாளர் காத்திருந்தார். பொறுமையினால் அல்ல, வாய் அடைத்துப்போனதால். படியேறி வந்தவன் விழுந்த பிறகுதான் குண்டுமணி திரும்பினார். அதற்கப்புறம் அவரும் விழாத குறைதான்.

மெமோ வந்தது. ‘அலுவலக நேரத்தில் ஆயுதப் பிரயோகம் செய்ததற்காக எல்லைச் சாவடி எடைமேடைக்கு உங்களை ஏன் மாற்றக் கூடாது?’ என்று கேட்டது. எல்லைச் சாவடி என்பது லாரியும் புழுதியும் மட்டுமே போய்ச் சேரும் இடம். பல் மருத்துவமனையில் பல்செட்டுகளுக்கு அச்செடுக்கும் வேலை பார்த்த மனைவிக்கு அங்கே பல்லும் கிடைக்காது, மகளுக்குக் கல்லூரியும் கிடைக்காது. குடும்பத்தை இங்கே விட்டுவிட்டு அவர் மட்டும் போய் லாரிகளோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

அவருடைய அதிர்ஷ்டம், அதே வாரம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கையும் வந்தது. துறைகளுக்கு இடையே கணினி விளையாட்டுப் போட்டி. துறைக்கு ஒருவர் ஆட வேண்டும். ஆள் அனுப்பாத துறை விளக்கம் எழுத வேண்டும். கண்காணிப்பாளர் ஒரு கையில் மெமோவையும் மறு கையில் சுற்றறிக்கையையும் ஏந்திப் பார்த்தார். சுற்றறிக்கை கனமாக இருந்தது.

“மெமோ செத்துப் போகல” என்றார் குண்டுமணியிடம். “என் டிராயர்ல தூங்குது. கோப்பையோட வந்தீங்கன்னா கிழிச்சுப் போடறேன். வெறுங்கையோட வந்தீங்கன்னா எழுப்பி விட்டுடுவேன்.”

வெறுங்கைதான் அப்போது பிரச்சினையாக இருந்தது. அலுவலக மவுஸ் கரைந்துபோன சோப்புக்கட்டி மாதிரி தட்டையாக இருக்கும். அதைப் பிடித்துப் பிடித்துக் குண்டுமணியின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. சுள்ளென்று ஒரு வலி கிளம்பி முழங்கை வரைக்கும் போய்த் திரும்பி வரும்.

“தண்ணி டம்ளரைப் பிடிக்க முடியல, சட்டைப் பொத்தானைப் போட முடியல, துப்பாக்கி மட்டும் பிடிக்க முடியுதா?” என்றாள் மனைவி, அவர் கையில் தைலம் தேய்த்துக்கொண்டே.

“நான் எங்கடி பிடிக்கிறேன்? மெமோதான் பிடிச்சு ஆட்டுது.”

மகள்தான் அவரைக் கணினிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“அப்பா, நீ மவுஸை எப்படிப் பிடிப்பேன்னு காட்டு.”

குண்டுமணி கண்ணாடி மேசைமேல் கையை வைத்தார்.

“பாத்தியா, உள்ளங்கை மொத்தமும் படியுது. சில பேர் விரல் நுனியில பிடிப்பாங்க. சில பேர் நண்டு மாதிரி கவ்வுவாங்க. நீ மவுஸ் மேல படுத்துத் தூங்கற ரகம். உனக்கு முதுகு உயரமா இருக்கணும், கட்டை விரலுக்கு ஒரு திண்டு வேணும், எடை குறைவா இருக்கணும்.”

கடைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மகள் அப்பாவின் கண்ணை மூடச் சொல்லி, மவுஸை மாற்றி மாற்றிக் கையில் திணித்து, இழுக்கச் சொன்னாள், சுழற்றச் சொன்னாள், தட்டச் சொன்னாள். ஒன்று விரலை நெருக்கியது. ஒன்று சோப்புக்கட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடைசியில் வந்த ஒன்று படுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. அதைப் பிடித்தால் யாரோ தெரிந்தவர் கையைக் குலுக்கி “என்னப்பா, சௌக்கியமா?” என்று கேட்கிற மாதிரி இருந்தது. இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு எடை. அதுவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்த மணிக்கட்டு வாயை மூடிக்கொண்டது.

“இதுதான்” என்றார் குண்டுமணி, கண்ணைத் திறக்காமல்.

ஒருவருக்கு ஏற்ற மவுஸைத் தேர்ந்தெடுக்கும் வேலை இவ்வளவுதான். ஆனால் போட்டி விதிகளில் ஒரு வரி இருந்தது: கருவிகள் அந்தந்தத் துறையின் அங்கீகாரம் பெற்றவையாக இருக்க வேண்டும். மற்ற துறைகளில் அங்கீகாரம் என்றால் ஒரு கையெழுத்து. எடையளவுத் துறையில் அங்கீகாரம் என்றால் முத்திரை. முத்திரை என்றால் எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் ஓங்கி ஓர் அடி.

முத்திரை அடிப்பவர் மவுஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பித்தளையையும் இரும்பையும் தவிர வேறெதையும் அடித்துப் பழகாத கை அது.

“அண்ணே, அடிக்காம ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக் குடுக்க முடியாதா?” என்றார் குண்டுமணி.

“ஸ்டிக்கரா? உரிச்சு வேற ஒண்ணுல ஒட்டிட்டா? முத்திரைன்னா ஒரு தடவை அடிச்சா சாகிற வரைக்கும் போகக் கூடாது தம்பி.”

அடித்தார். முத்திரை போகவில்லை. மவுஸ் போய்விட்டது.

‘சோதனைக்கு வந்த கருவி துறையின் முத்திரையைத் தாங்கவில்லை. தரக்குறைவு’ என்று கண்காணிப்பாளர் எழுதினார். தரமான மவுஸைத் துறையே தேர்ந்தெடுக்கட்டும் என்று இயக்குநர் உத்தரவிட்டார். அப்படித்தான் சௌகரியக் குழு பிறந்தது. இயக்குநர் தலைவர். கண்காணிப்பாளரும் கணக்கு அதிகாரியும் உறுப்பினர்கள். வலிக்கிற கை குண்டுமணியுடையது என்பதால் அவர் நின்றுகொண்டு வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்பட்டார்.

“சௌகரியம் சௌகரியம்னு சொல்றீங்க. எத்தனை?” என்று ஆரம்பித்தார் கண்காணிப்பாளர்.

“எத்தனைன்னா சார்?”

“எத்தனை சௌகரியம் வேணும்? நீளத்துக்கு மீட்டர் இருக்கு, எடைக்குக் கிலோ இருக்கு. அளவே இல்லாத ஒரு சமாச்சாரம் இந்த ஆபீசுக்குள்ள நுழைஞ்சா வெளியில நம்மளைப் பத்தி என்ன பேசுவாங்க?”

“கை வலிக்காம இருந்தாப் போதும் சார்.”

“வலிக்காம இருக்கறது பூஜ்யம். பூஜ்யத்துக்கு மேல எவ்வளவுன்னு கேக்கறேன்.”

“ரொம்ப மேல போயிடாதீங்க” என்றார் கணக்கு அதிகாரி பதறிப்போய். “சௌகரியம் பழகிடும். இன்னிக்கு மவுஸ் கேப்பாங்க. நாளைக்கு உக்கார நாற்காலி கேப்பாங்க.”

குண்டுமணி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

பச்சைத் துணி விரித்த மேசையில் மாதிரி மவுஸ்கள் வரிசையாக வைக்கப்பட்டன. இயக்குநர் ஒன்றை எடுத்துப் பிடித்தார். ஒயர் வெளியே போகாமல் அவருடைய மணிக்கட்டுக்கு அடியில் புகுந்து சட்டைக் கைக்குள் போனது. மவுஸை அவர் பின்புறம் முன்னாகப் பிடித்திருந்தார். பிறகு கண்காணிப்பாளர் தன் மவுஸையும் அதேபோல் திருப்பிக்கொண்டார். கணக்கு அதிகாரியும் திருப்பிக்கொண்டார்.

“வழவழப்பு இருக்கு” என்றார் இயக்குநர்.

“நல்ல வழவழப்பு” என்றார்கள் இருவரும்.

“சார், கம்ப்யூட்டர்ல சொருகிப் பார்த்தா…” என்று இழுத்தார் குண்டுமணி.

“அது உபயோகச் சோதனை. இது சௌகரியச் சோதனை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க” என்றார் கண்காணிப்பாளர்.

மாலைக்குள் மூன்று பேரும் மூன்று மவுஸைப் பிடித்துக்கொண்டு உடன்பட மறுத்தார்கள். மூவருடைய கையும் மூன்று அளவு. அப்போதுதான் இயக்குநர் எழுந்து, அந்தத் துறை பின்னாளில் மேற்கோள் காட்டப்போகும் உரையை ஆற்றினார்.

“எடைன்னா ஒரு மூலக் கிலோ வச்சிருக்கோம். நீளம்னா ஒரு மூல மீட்டர் வச்சிருக்கோம். கைக்கு மட்டும் ஏன் ஒரு மூலக் கை இல்ல? ஆளாளுக்கு ஒரு கையை ஆட்டிக்கிட்டு இருந்தா தேசம் எப்படி முன்னேறும்? என் கையைப் பாருங்க.” நீட்டினார். பெரிய, வெள்ளை வெளேரென்ற, மெத்து மெத்தென்ற கை. “இந்தக் கை முப்பது வருஷமாக் கையெழுத்தைத் தவிர ஒரு வேலையும் செஞ்சதில்ல. தேய்மானம் கிடையாது. காய்ப்புக் கிடையாது. தொழிற்சாலையிலேர்ந்து வந்த மாதிரியே இருக்கு. நான் பெருமைக்குச் சொல்லல. தரத்துக்குச் சொல்றேன்.”

கைதட்டல் எழுந்தது. தட்டிய கைகள் எல்லாம் தரக்குறைவானவை என்பதை அவை பொருட்படுத்தவில்லை.

மூலக் கைக்கு அச்செடுக்கக் குண்டுமணியின் மனைவியையே வரவழைத்தார்கள். கூலி இல்லாமல் ஆள் கிடைத்தால் கணக்கு அதிகாரிக்குச் சந்தோஷம். பல்லுக்கு அச்செடுக்கும் இளஞ்சிவப்புக் களியைக் குழைத்து எடுத்துக்கொண்டு அவள் இயக்குநர் அறைக்குப் போனாள். பல்லுக்கு அச்செடுக்கும்போது ஒரு வசதி உண்டு: எதிராளி பேச முடியாது. கைக்கு அந்த வசதி இல்லை. களி இறுகும்வரை இயக்குநர் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

“கொஞ்சம் பேசாம இருங்க சார், விரல் ஆடுது” என்றாள் அவள்.

“பேசினா விரல் ஏம்மா ஆடணும்?”

“நீங்க ஒவ்வொரு வார்த்தைக்கும் விரலை நீட்டி நீட்டிப் பேசறீங்க சார்.”

அச்சு ஒருவழியாக வந்தது. இயக்குநரின் கையில் புதினாப் பற்பசை வாசனை அந்த வாரம் முழுக்க வீசியது.

அடுத்து, மவுஸை எதில் செய்வது? முத்திரையைத் தாங்க வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் கூடாது, பித்தளை. எவ்வளவு எடையில் செய்வது? துறையின் அட்டவணையில் உள்ள எடையில்தான் துறை எதையும் செய்ய முடியும். அட்டவணையில் ஐம்பது கிராமும் இருந்தது, நூறும் இருந்தது.

“ஐம்பது கிராமா?” என்று இயக்குநர் முகத்தைச் சுளித்தார். “தபால் தலை மாதிரி பறந்து போயிடும். துறையோட கௌரவம்னு ஒண்ணு இருக்கே. ஒரு கிலோவுக்குக் குறைஞ்சா நல்லா இருக்காது.”

துறைக்கு எடைக்கல் வார்த்துத் தரும் பட்டறையிலேயே மவுஸை வார்த்தார்கள். இயக்குநரின் உள்ளங்கை மேடு, விரல் பள்ளம், மோதிரத் தடம் எல்லாம் அப்படியே பித்தளையில் இறங்கியிருந்தன. வயிற்றுக்குள் ஒரு சாதாரண மவுஸின் உறுப்புகள். அடியில், எல்லா எடைக்கற்களிலும் இருப்பதுபோல ஒரு குழி. எடையைச் சரிசெய்ய அதில் ஈயம் ஊற்றி, ஈயத்தின்மேல் முத்திரை அடிப்பார்கள்.

எடையைச் சரிபார்க்கத் துறையின் மூலத் தராசு திறக்கப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் போர்வையில் இருக்கும் அந்தத் தராசை இயக்குநரைத் தவிர யாரும் தொடக் கூடாது. விசேஷ நாளில்தான் திறப்பார்கள். அவரும் கண்காணிப்பாளரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பட்டறைக்காரர் ஈயத்தைக் கண் மதிப்பில்தான் ஊற்றியிருந்தார். கூட்டவும் குறைக்கவும் சாமான்களோடு வாசலில் காத்திருந்தார். தேவைப்படவில்லை.

“முதல் தடவையே ஒரு கிலோ!” என்று முகம் மலர வெளியே வந்தார் இயக்குநர். “முள் இம்மி கூட அசையல. துறையோட கை பட்டா அப்படித்தான்.”

குண்டுமணியின் கை பட்டால் அப்படி நடக்கவில்லை. அவருடைய விரல்கள் இயக்குநரின் விரல் பள்ளங்களுக்குள் விழுந்து காணாமல் போயின. பொத்தானைத் தட்ட நாற்காலியிலிருந்து எழுந்து முன்னால் குனிய வேண்டியிருந்தது. மவுஸை நகர்த்தினால் மவுஸ் நகரவில்லை; மேசை நகர்ந்தது. ஆட்டத்துக்குள் அவர் துப்பாக்கியை வானத்துக்குத் தூக்கியவர் இறக்க முடியாமல் நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரைச் சுட்டுவிட்டுப் போனார்கள்.

கண்காணிப்பாளரிடம் போய் நின்றார்.

“ரொம்பக் கனமா இருக்கு சார்.”

“ஒரு கிலோதானே?”

“ஒரு கிலோதான் சார். ஆனா கனமா இருக்கு.”

“ஒரு கிலோ ஒரு கிலோ கனம்தான் இருக்கும். அதுக்கு மேல இருக்குன்னா துறையோட தராசு தப்புன்னு அர்த்தம். எழுதிக் குடுக்கறீங்களா?”

குண்டுமணி எழுதிக் கொடுக்கவில்லை. பயிற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டு, மவுஸைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனார். பஸ் நிறுத்தத்தில் அவர் நின்ற கோலம் அலுவலக வாசல் பலகையைப் போலவே இருந்தது.

மகள் பையைத் திறந்து பார்த்தாள்.

“அப்பா, இது மவுஸ் இல்ல. அம்மிக்கல்.”

“இதை வச்சுதான் ஆடணும் கண்ணு. இல்லேன்னா எல்லைச் சாவடி.”

மனைவி அதைத் திருப்பி அடிப்பகுதியைப் பார்த்தாள். நடுவில் சாம்பல் நிற வட்டம், அதன்மேல் முத்திரை.

“இது என்ன, பல்லை அடைச்ச மாதிரி இருக்கு?”

“ஈயம். எடைக்காக ஊத்துவாங்க.”

“நிறைய இருக்குமா?”

“குழி ஆழமாத்தான் இருக்கும்.” அவள் பேச்சு எங்கே போகிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. “ஐயையோ! என்ன பேச்சுப் பேசறே? முத்திரை அடிச்ச கல்லுல ஈயத்தைச் சுரண்டறது இருக்கே, எங்க துறையில அதைவிடப் பெரிய குற்றமே கிடையாது. கடைக்காரங்களைப் பிடிச்சு உள்ள வைக்கறதே அதுக்குத்தான். வேலை போயிடும். ஜெயிலே உண்டு. என் அறை முழுக்க அப்படிச் சுரண்டின கல்லுதான் குமிஞ்சு கிடக்கு. முத்திரையை வில்லை மாதிரி மேலாப்புல நெம்பித் தூக்கிட்டு, அடியில இருக்கறதை எடுத்துட்டு, வில்லையை மறுபடி ஒட்டி வச்சிடுவானுங்க. பார்த்தா தெரியவே தெரியாது.”

“அப்ப எப்படிப் பண்றதுன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள் மனைவி.

குண்டுமணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

அவள் பல் துளைக்கும் சின்னக் கருவியைக் கொண்டுவந்தாள். மூக்கை மறைத்துத் துணி கட்டிக்கொண்டாள். “நீங்க ஏங்க வாயைத் திறந்து வச்சிருக்கீங்க? உங்களுக்கா பண்றேன்?” என்றாள். வில்லை அலுங்காமல் வந்தது. சொத்தையை எடுப்பதுபோல ஈயத்தைச் சுரண்டிக் கிண்ணத்தில் சேர்த்தாள். கிண்ணம் நிறைந்தது. வில்லையை ஒட்டிவிட்டு, இயக்குநரின் விரல் பள்ளங்களில் இளஞ்சிவப்பு மெழுகை அப்பி, அதன்மேல் குண்டுமணியின் விரல்களை வைத்து அழுத்தினாள். மகள் அடியில் வழுக்கும் பட்டைகளை ஒட்டினாள். அம்மிக்கல் குழவி ஆகிவிட்டது. இன்னும் கனம்தான், ஆனால் இப்போது கையை யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓடி ஆடற வேலை உனக்கு வேண்டாம்பா” என்றாள் மகள். “ஒரு எடத்துல உக்காரு. வாசலைப் பாரு. வர்றவனைச் சுடு.”

உட்கார்ந்து ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பதில் குண்டுமணிக்கு வேலையனுபவம் இருந்தது.

போட்டி மண்டபத்துக்குப் போன பிறகுதான் மற்ற துறைகளும் துறைகள்தான் என்பது அவருக்குத் தெரிந்தது. காவல்துறையின் மவுஸ் திருடு போகாமல் இருக்க மேசைக் காலோடு விலங்கு போட்டுப் பூட்டப்பட்டிருந்தது. சுகாதாரத் துறையின் மவுஸ் பாலிதீன் பைக்குள் இருந்தது. ஆட்டக்காரர் கையிலும் ஒரு பாலிதீன் உறை. இரண்டும் ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டே இருந்தன. இருவரையும் குண்டுமணி அதிகம் நகராமலே கடந்தார். இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவர் தீயணைப்புத் துறைக்காரர். மின்னல் வேகக்காரர் என்று பேர் வாங்கியவர். ஆனால் மின்கருவி எதைத் தொட்டாலும் தீக்காப்புக் கையுறை அணிய வேண்டும் என்பது அவருடைய துறையின் விதி. முழங்கைவரை நீண்ட அந்தக் கையுறையோடு அவர் உட்கார்ந்திருந்தார்.

“உங்களுது கல்லா சார்?” என்று கேட்டார் அவர், பித்தளையைப் பார்த்து.

“கிலோ” என்றார் குண்டுமணி. “உங்களுது?”

“வேர்க்குது சார்” என்றார் அவர்.

ஆட்டம் தொடங்கியது. தீயணைப்புக்காரர் நகரம் முழுக்கப் பறந்தார். கையுறைக்குள் ஒரு விரலை அழுத்தினால் எல்லா விரலும் அழுந்தியதால், பார்த்த சுவரை எல்லாம் சுட்டுக்கொண்டே பறந்தார். குண்டுமணி ஓர் இடிந்த வீட்டுக்குள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடும் சத்தம் நெருங்கி வந்தது. வாசலில் நிழல் தட்டியது. தோள், முழங்கை, மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து மவுஸை ஒரு விரற்கடை தள்ளினார். தட்டினார்.

மண்டபம் எழுந்து ஆர்ப்பரித்தது. “அப்பா!” என்று மகள் கத்தியது அதையும் தாண்டிக் கேட்டது. கண்காணிப்பாளர் இயக்குநரைக் கட்டிப்பிடிக்கப் போய், பதவி ஞாபகம் வந்து, நாற்காலியைக் கட்டிப்பிடித்தார்.

கோப்பை வந்த சந்தோஷத்தில் குண்டுமணி ஒரு விதியைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. அலுவலகத்தை விட்டு வெளியே போன எந்த எடையும் திரும்பி வந்ததும் மறுபடி நிறுக்கப்பட வேண்டும். வழக்கமாக அதற்கு ஆறேழு மாதம் இழுப்பார்கள். அதற்குள் பறிமுதல் அறையில் வைத்து ஈயத்தைத் திரும்ப நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். பாராட்டு விழா நாளில் மெழுகையும் பட்டைகளையும் உரித்துவிட்டு மவுஸை ஒப்படைத்தார். சுரண்டிய ஈயத்தைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்திருந்தார். விழா முடிந்ததும் வேலையைப் பார்த்துவிடலாம்.

மேடையில் ஏறினால், நட்டநடுவில் மூலத் தராசு நின்றுகொண்டிருந்தது. வெல்வெட் விலக்கப்பட்டிருந்தது.

“இன்னிக்கு ஒரு சரித்திர நிகழ்ச்சி” என்று இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். “நமக்கு வெற்றி தேடித் தந்த மவுஸை உங்க எல்லார் முன்னாலயும் நிறுக்கப் போறோம். ஒரு கடுகு குறைஞ்சாலும், பொறுப்பானவரை உள்ள தள்றதுக்கு இந்தத் துறை தயங்காது. அது யாரா இருந்தாலும் சரி. நம்ம வீரரா இருந்தாலும் சரி!” குண்டுமணியின் தோளில் தட்டினார். சிரிப்பு எழுந்தது. “இந்தத் தராசு சாமானியப்பட்டதில்ல. நான் பதவிக்கு வந்த நாள்லேர்ந்து நம்ம துறையோட சாமான் எதையும் இது குறைன்னு சொன்னதே கிடையாது. ஒரு தடவை கூட!”

கண்காணிப்பாளர் குண்டுமணியின் காதருகே குனிந்தார். “மெமோ சட்டைப் பையில இருக்கு. முள் நடுவுல நின்ன உடனே கிழிச்சிடறேன்.”

“நிக்கலைன்னா சார்?”

“என்ன பேச்சு இது? துறையோட எடை!”

குண்டுமணி கீழே பார்த்தார். இரண்டாவது வரிசையில் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் எண்ணம் அந்தக் கிண்ணத்தில்தான் இருந்தது. மகள் அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பொட்டலத்தின் கனத்தில் காற்சட்டை வலது பக்கம் இறங்கிக்கொண்டே போனது. அவர் முழங்கையால் அதை அணைத்துப் பிடித்தார். துறையில் இத்தனை வருஷம் இருந்தவர். பைக்குள் இருக்கும் கனம் எல்லாம் மவுஸில் இல்லாத கனம் என்று கணக்குப் போட அவருக்குத் தராசு வேண்டியிருக்கவில்லை.

இயக்குநர் வெள்ளி இடுக்கியால் மூலக் கிலோவை எடுத்து இடது தட்டில் வைத்தார். மவுஸை இரண்டு கைகளாலும் ஏந்தி, மண்டபம் முழுக்கக் காட்டிவிட்டு, வலது தட்டில் இறக்கினார்.

குண்டுமணி கண்ணை மூடிக்கொண்டார். லாரிகளைப் பார்த்தார். புழுதியைப் பார்த்தார். லாரிகூட இல்லை, ஜெயில் கம்பிகளைப் பார்த்தார்.

கைதட்டல் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தார்.

முள் நடுவில் நின்றது. இந்தப் பக்கம் ஓர் இழை இல்லை, அந்தப் பக்கம் ஓர் இழை இல்லை.

“ஒரு கிலோ!” என்று முழங்கினார் இயக்குநர். “போன எடை, போன மாதிரியே திரும்பி வந்திருக்கு! துறையோட கௌரவம் ஒரு கிராம்கூடக் குறையல!”

கண்காணிப்பாளர் சொன்ன சொல் தவறாமல் மெமோவை எடுத்து நாலாகக் கிழித்தார். கீழே மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். குண்டுமணி பைக்குள் கையை விட்டுப் பார்த்தார். பொட்டலம் இருந்தது. கனமாகவே இருந்தது.

புகைப்படக்காரர் மேடைக்கு ஓடிவந்தார். “சார், மவுஸைக் கையில எடுத்துக்குங்க. வீரர் பக்கத்துல நில்லுங்க. பின்னால தராசு தெரியட்டும்.”

இயக்குநர் வலது தட்டிலிருந்து மவுஸை எடுத்து, ஒயர் தன் பக்கம் இருக்கும்படி பிடித்துக்கொண்டு புன்னகைத்தார். எல்லோரும் கேமராவைப் பார்த்தார்கள். குண்டுமணி மட்டும் திரும்பித் தராசைப் பார்த்தார்.

இடது தட்டில் ஒரு கிலோ இருந்தது. வலது தட்டில் ஒன்றும் இல்லை. முள் நடுவில் நின்றது.